அராபாவுக்குப் போர்த்திய துணி

அவுரித்தோப்பு ஊர்க்காரர்களுக்கு யார் தோளிலாவது ஒரு துணியைப் போர்த்தாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. கலெக்டர் வந்தால் போர்த்துவார்கள், கலெக்டரின் டிரைவருக்கும் போர்த்துவார்கள், மின்கம்பத்தில் ஏறி ஃபியூஸ் போட்டவர் இறங்கி வருவதற்குள் கீழே இரண்டு பேர் துணியோடு நிற்பார்கள், புதிதாக விட்ட டவுன் பஸ்ஸின் முகப்பில் கட்டி அழகு பார்ப்பார்கள், ஒருமுறை திருட்டு வழக்கை விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் என்ன திருடு போனது என்பதையே சொன்னார்கள். அந்தத் துணி வேறெங்கும் கிடைக்காத கருநீலம். தேய்த்தால் மினுங்கும், முகர்ந்தால் ஈரமண் வாசம் அடிக்கும். அவர்களுடைய முன்னோர் அவுரிச் சாயத்தில் முக்கி எடுத்த துணி கப்பலேறி ஐரோப்பா போய், அங்கிருந்து இன்னொரு கப்பலில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது என்பது ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஊர் எல்லையில் வளைவு கட்டி, 'ஆப்பிரிக்க மன்னர்கள் விரும்பி அணிந்த நீலம்' என்று எழுதியும் வைத்திருந்தார்கள். துணி போனது தெரியும். அதைக் கொடுத்து அங்கே என்ன வாங்கினார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் பக்கத்து ஊர்க்காரன். எங்களுக்கும் தோன்றவில்லை, ஆகவே என்னை யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படி இருக்கையில் கானா நாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்கே கடலோரத்துக் கோட்டை ஒன்றில், அந்தக் கரைக்கு வந்த துணிகளைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம், துணி பிறந்த ஊரிலிருந்து ஆள் வரவேண்டுமாம். சாயச் சங்கத் தலைவர் தணிகாசலமும், அவர் மனைவி குமுதவல்லியும், இங்கிலீஷ் பேசுவதற்காகப் பள்ளிக்கூடத்துப் பிலோமினா டீச்சரும் கிளம்பினார்கள். தணிகாசலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மரியாதை என்றால் அவர்தான். தெருநாயைக்கூட 'தள்ளிப் படுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டிப் போவார். அப்படிப்பட்ட மனிதருக்கு இது நடந்தது என்பதைத்தான் எங்கள் பக்கத்தில் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கோட்டை வெள்ளை வெளேர் என்று கடலைப் பார்த்து நின்றது. மேலே கவர்னர் தூங்கிய மாடி, காற்று பிய்த்துக்கொண்டு போகும். கீழே ஆட்களை அடைத்து வைத்த அறைகள், மூச்சு முட்டும். சுற்றிக் காட்டியவள் பெயர் அராபா. நாற்பது வயது இருக்கும், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கணீரென்று பேசினாள். செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அங்கே அராபா என்று பெயராம். "செவ்வாயா? அப்ப கல்யாணம் தட்டிப் போயிருக்குமே," என்றாள் குமுதவல்லி. டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை. அராபாவுக்குக் கல்யாணமாகி, கணவன் இறந்து, எசி என்று நர்சிங் படிக்கிற மகள் இருந்தாள்.

கீழறையின் இருட்டில் எல்லோரையும் சுவரோரமாக நிற்கவைத்துவிட்டு அராபா சொன்னாள்: "உங்கள் ஊர் நீலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த அறையில் நின்றவர்களை வாங்கக் கொடுத்த பொருட்களில் அதுவும் ஒன்று. துணி இந்தக் கரையில் இறங்கும், மனிதர்கள் அந்த வாசல் வழியாகக் கப்பலுக்குப் போவார்கள்."

டீச்சர் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தாள். தன் ஊர்ப் பெயரைக் கேட்ட பூரிப்பில் அவர் கண் கலங்கி நின்றிருந்தார், பைக்குள் கைவிட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? "நம்ம துணிக்கு இங்க ரொம்ப மதிப்பாம், சார்," என்றாள் டீச்சர். அது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை.

கடலைப் பார்த்த அந்தக் குறுகலான வாசலுக்கு வந்ததும் தணிகாசலம் பையிலிருந்து துணியை எடுத்தார், ஒரே உதறலில் விரித்தார், அராபாவின் தோளில் போர்த்தினார். குமுதவல்லி கை தட்டினாள். அராபா இரண்டு கையையும் பாதி உயர்த்தி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் ஒருத்தி மட்டும் தண்ணீருக்குள் தள்ளிவிடப்பட்டவள் மாதிரி இருக்கிறாள்.

அதன் பிறகு நடந்ததில் விசேஷம் ஒன்றும் இல்லை. துணி தன் பழைய வேலையைச் செய்தது.

அவர்கள் வேனை நோக்கி நடந்தார்கள், அராபாவும் பின்னாலேயே நடந்தாள். "வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறாங்க பாருங்க, எவ்வளவு மரியாதை," என்றாள் குமுதவல்லி. வேன் கிளம்பியது, அராபா ஓடிவந்தாள்; வேன் வேகமெடுத்தது, ஒரு செருப்பு கழன்று விழ, மீன் சந்தைக்காரர்கள் எல்லாம் பார்க்க, கத்திக்கொண்டே ஓடிவந்தாள். வேனை நிறுத்தினார்கள். "என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை," என்றாள் மூச்சிரைக்க. பதறிப்போன தணிகாசலம், "முதல்ல உட்காருங்கம்மா," என்றார் தமிழில். ஒரு வார்த்தைகூடத் தமிழ் தெரியாத அராபா, கொதிக்கிற தார் ரோட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஐயோ, எழுந்திருங்க!" என்றார். எழுந்து நின்றாள்.

மற்றவர்களுக்கு எதுவும் விளங்குவதற்கு முன்னால் அவளுக்கு விளங்கிவிட்டது. வருஷக்கணக்காக, வந்தவர் போனவருக்கெல்லாம் இதே கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் அது. தணிகாசலத்தின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "நீங்கள் என்னை வாங்கிவிட்டீர்கள்," என்றாள். இந்த முறை டீச்சர் மொழிபெயர்த்தாள்.

செய்யாததெல்லாம் செய்து பார்த்தார்கள். துணியைக் கழற்றினார்கள், சுலபமாகக் கழன்றது, கால் மட்டும் விடவில்லை. கிழித்தார்கள், கடற்கரையில் போட்டுக் கொளுத்தினார்கள், சாம்பலை அலை கொண்டுபோனது, அப்போதும் அவள் அவருக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றாள். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதிரியார் ஜெபம் செய்தார், போலீஸ்காரர் தணிகாசலத்தை லாக்கப்பில் வைக்க, கம்பிக்கு வெளியே அராபாவும் நிற்க வேண்டியதாயிற்று, பாவம் பார்த்து இருவரையும் அனுப்பிவிட்டார். "போங்க, உங்க வீட்டுக்குப் போங்கம்மா," என்று தணிகாசலம் கெஞ்சியும் பார்த்தார். அவள் இடுப்பளவு தண்ணீரில் நடப்பவள் போலக் கொஞ்ச தூரம் போனாள், பிறகு திரும்பி வந்தாள். போ என்பதும் உத்தரவுதான், ஆனால் துணியின் இழுப்பு அதைவிடப் பெரியது.

விசா முடிந்தது. தணிகாசலம் நல்லவர்தான், ஆனால் ஊருக்குத் திரும்பவேண்டும் என்றபோது, யார் யாருடன் போவது என்பதில் அந்த நல்லவருக்கும் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. விமான நிலையத்தில் எசி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். அராபாவிடம் பாஸ்போர்ட் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், சூட்கேஸ்களுக்குக் கட்டுகிற சீட்டில் ஒன்றை அராபாவின் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள், "அடுத்தவர்," என்றாள். அவ்வளவுதான். டீச்சர் விமானப் பயணம் முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

அவுரித்தோப்பு முதலில் பதறியது. பதறவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், மசூதியில் ஓதினார்கள், வேப்பிலை அடித்தார்கள், தணிகாசலம் வீட்டுக் கூடத்தில் அராபாவுக்கு நல்ல கட்டில் போட்டு ஃபேனும் மாட்டிக் கொடுத்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனில் மகளைப் பார்த்து அழுதாள். அதைப் பார்க்க வந்தவர்களும் அழுதார்கள், அழுதுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

வந்த முதல் நாள் விருந்து நடந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வாழையிலை போட்டு, மீன் குழம்பும் வறுவலும் வடையும் பாயசமும் வைத்து, நம் வீடுகளில் எப்படி உபசரிப்போமோ அப்படியே தணிகாசலம் பக்கத்தில் நின்று உபசரித்தார். "சாப்பிடுங்கம்மா." சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க." போட்டுக்கொண்டாள். "கூச்சப்படாதீங்க, நல்லா சாப்பிடுங்க, அந்த வடையை அப்படியே வெச்சிட்டீங்களே, எடுத்துக்குங்க." எடுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, வயிறு புடைக்க, கை அது பாட்டுக்கு வாய்க்கும் இலைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. "காரமோ என்னமோ, கண்ணு கலங்குது, தண்ணி குடிங்க," என்றார். குடித்தாள், குடித்துக்கொண்டே இலையிலேயே வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு மறுபடியும் கையை இலையில் வைத்தாள், ஏனென்றால் அவர் இன்னும் போதும் என்று சொல்லியிருக்கவில்லை. பிலோமினா டீச்சர்தான் ஓடிவந்து அவருடைய வாயைப் பொத்தினாள்.   வாழ்நாள் முழுக்க மரியாதை என்று நினைத்துப் பேசிய வார்த்தை ஒவ்வொன்றும் இப்போது தணிகாசலத்துக்கு வாய்க்குள் சாட்டையாகக் கிடந்தது. அன்றிலிருந்து அராபா இருக்கிற பக்கம் அவர் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்.

ஆனால் ஊர் வாயைத் திறந்தது. அதிர்ச்சி என்பது விருந்தாளி மாதிரி, நாலு நாளுக்கு மேல் தங்காது. "சும்மாதானே இருக்கே, இந்த வெங்காயத்தை உரிச்சுக் குடேன்," என்றாள் குமுதவல்லி ஒருநாள், தாயாகப் பாவித்துத்தான் சொன்னாள். அவள் சொன்னால் அராபாவுக்குக் கட்டுப்பாடு இல்லை, பொழுது போகாமல் உரித்துக் கொடுத்தாள். அடுத்து மாவரைத்தாள். அடுத்து எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குத் தணிகாசலம் போனபோது, கூடப் போய்ப் பாத்திரம் தூக்கினாள். ஒருநாள் மாட்டேன் என்றாள். அந்த எதிர்வீட்டுக்காரர் தணிகாசலத்திடம் வந்து, "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றார். வெகு இயல்பாக, கடைத்தெருவில் சில்லறை மாற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னாரா இல்லையா? சொன்னார். கல்யாண வீடு, மறுக்க முடியுமா என்று தனக்குள்ளே ஏதோ சமாதானம் செய்துகொண்டு, முணுமுணுவென்று சொன்னார்.

அப்புறம் அந்த 'ஒரு வார்த்தை'க்கு வாசலில் ஆள் நின்றது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடையில் உட்காரவைக்க, நகைக்கடைத் திறப்புவிழாவில் கும்பிட்டு வரவேற்க, சாயத் தொட்டி கழுவ, பிள்ளை பெற்ற வீட்டில் துணி துவைக்க. அவள் போன இடமெல்லாம் பத்தடிக்குள் தணிகாசலமும் போய் நின்றார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள், கூந்தலுக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டார்கள். 'தணிகாசலம் வீட்டு ஆளு' என்று அவளுக்கு ஊரில் பெயர் நிலைத்தது. அவளும் தமிழ் கற்றுக்கொண்டாள், எங்களைவிட நன்றாகவே கற்றுக்கொண்டாள், ஏனென்றால் அவளுக்குத்தான் எல்லோருடைய பேச்சையும் கவனித்துக் கேட்கவேண்டியிருந்தது.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. சாயச் சங்கத்துக்காரர்களுக்கு மனத்தாங்கல்: போர்த்திய துணி சங்கத்துத் துணி, சங்கத்துச் சாயம், சங்கத்துத் தறி, அப்படியிருக்க ஆள் மட்டும் எப்படித் தலைவர் வீட்டுக்குச் சொந்தமாகும்? சங்க மண்டபத்தில் மைக் கட்டி, எல்லோரும் வந்து உட்கார்ந்து, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடாமல், அப்படியொரு ஒழுங்கான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தெருவுக்கு ஒரு நாள் முறை வைக்கலாம், தலைவரும் கூடவே வந்து உட்காரட்டும் என்றார் ஒருவர். முறை போதாது, மேலத்தெருவில் வீடு அதிகம், அதற்கு இரண்டு நாள் வேண்டும் என்றார் இன்னொருவர். நியாயம்தானே என்று பலர் தலையாட்டினார்கள். கடவுளே, நானும் ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், அவளும் மனுஷிதானே என்று ஒருவர் சொல்ல, மண்டபம் நெகிழ்ந்துபோய்க் கை தட்டியது.

அராபா மேடையில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்துக்குப் பின்னால், தூணோரம் நின்றிருந்தாள். கை தட்டல் அடங்கியதும் மைக் இல்லாமலேயே கேட்டாள், கோட்டையில் பேசிய அதே கணீர்க் குரல்.

"என்னை எவ்ளோ துணிக்கு வாங்கினீங்க? அதையும் சொல்லிட்டுப் பிரிங்களேன்."

மைக்கைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

"டீச்சரம்மா," என்றாள் அராபா, "அந்த இருட்டு ரூம்ல நான் ஒண்ணு சொன்னேன். நீங்க இவங்களுக்கு அதைச் சொல்லவே இல்ல. இப்ப சொல்லுங்க."

பிலோமினா டீச்சர் எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல அவளால் சொல்ல முடியவில்லை, சொல்லுக்குச் சொல் நின்று அழுதுகொண்டே சொன்னாள். அந்த அறையில் நின்ற மனிதர்களை வாங்க எதைக் கொடுத்தார்கள் என்று சொன்னாள். நம் துணி என்று சொன்னாள். மண்டபத்தில் எல்லோர் தோளிலும் நீலத் துண்டு கிடந்தது, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் மெல்ல அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், மடியிலும் வைக்கப் பிடிக்காமல் தரையில் வைத்தார்.

"அதுக்கு நாங்க என்னம்மா செய்வோம்?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர், குரல் உடைந்து. "எங்க பாட்டன் சாயம் முக்குனான், கூலி வாங்குனான், தூங்கிட்டான். கடலுக்கு அந்தாண்ட நடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பாட்டனுக்குத் தெரியாது. சரி," என்றாள் அராபா. "மேலத்தெருவுக்கு ரெண்டு நாள்னு இப்ப கேட்டாரே, அவருக்குமா தெரியாது?"

என் வாழ்நாளில் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.  மேலத்தெருவுக்கு இரண்டு நாள் கேட்டவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் மேடையிலிருந்து இறங்கினார், நேரே வீட்டுக்கு நடந்தார், பின்னால் அராபாவும் நடந்தாள். வீட்டில் பெட்டியை எடுத்துத் திறந்து நாலு சட்டையை வைத்தார். குமுதவல்லி வாசற்படியில் நின்று பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவ உங்க பின்னாடி வரணும்னா, நீங்க அவ வீட்டுக்குப் போயிடணும். இதுக்கு இத்தனை நாளா?" என்றாள். பிறகு உள்ளே போய் அழுதுவிட்டு வந்து, தன் புடவையையும் அந்தப் பெட்டியிலேயே வைத்தாள்.

இப்போது அவர்கள் அந்தக் கடலோர ஊரில் இருக்கிறார்கள். அராபாவின் வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில் தணிகாசலமும் குமுதவல்லியும் குடியிருக்கிறார்கள், அங்கிருந்து பத்தடிக்குள் அவளுடைய சமையலறையும் படுக்கையும் மகள் படிக்கிற மேசையும் அடங்கிவிடுகின்றன. அராபா கோட்டைக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தைத் தெரிந்துகொண்டு தணிகாசலம் முன்னதாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அவள் சந்தைக்குப் போனால் சந்தைக்கு, சர்ச்சுக்குப் போனால் சர்ச்சுக்கு. வாயே திறப்பதில்லை. வணக்கம் என்றுகூடச் சொல்வதில்லை. தெருநாய் வழியில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போகிறார். சந்தைக்காரர்கள் ஆரம்பத்தில் அவர்மேல் மீன் செதிலை வீசினார்கள், இப்போது ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்கிறார்கள், அவர் உட்காருவதில்லை. எசி மட்டும் இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அது அவள் உரிமை.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் அராபாவும் இருக்கவேண்டி வந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாலை, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவருடைய மகன் கதிரேசன் ஃபோன் செய்தான். அப்பா பேசமாட்டார், அம்மா அழுதுவிடுவாள் என்பதால் அராபாவைத்தான் கூப்பிடுவான். அவள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். குமுதவல்லி எனக்கு இதை ஃபோனில் சொன்னபோது அவளுக்குப் பேச்சு கோர்வையாக வரவில்லை.

"அக்கா, அப்பா எப்படியிருக்காரு? மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

"போடறாரு," என்றாள் அராபா.

"பார்த்துக்குங்கக்கா. நீங்கதான் பார்த்துக்கணும்." கதிரேசன் கொஞ்சம் தயங்கினான். நல்ல பையன், அப்பாவைப் போலவே மரியாதையானவன். "தப்பா நினைக்காதீங்க. அவருக்கு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அப்புறம் நீங்க எங்ககிட்டதானே வந்தாகணும்? அதான் மாடியில ஒரு ரூம் கட்டிக்கிட்டிருக்கேன். உங்களுக்குன்னே. அட்டாச்டு பாத்ரூம் வெச்சு."

அராபாவின் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. அப்பன் வாங்கியது பிள்ளைக்குப் போகும் என்பது அவளுக்கு மட்டும் அல்ல, அந்த முற்றத்தில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை. எசி புத்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள், தமிழ் தெரியாது, அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஓடிவந்தாள்.

"அந்த ரூமை இடிச்சுடு," என்றாள் அராபா.

"ஐயோ, கோவிச்சுக்காதீங்கக்கா," என்றான் கதிரேசன் அவ்வளவு பிரியமாக. "உங்களுக்கு ஒரு குறையும் வராது. நாங்க நல்லா வெச்சுக்குவோம்."

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.  தள்ளாடிப் போய் ஜன்னலோரம் இருந்த டப்பாவை எடுத்து, இனிச் சாகவே கூடாது என்பவர்போல, காலையில் போட்ட மாத்திரையையே இன்னொரு தடவை வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.